ஏழு மணி மாத்திரை

சஞ்சித்தின் மணிக்கட்டில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு, தூத்துக்குடியில் இருக்கும் ஒரு பெண்ணின் மூளை அமைதியாக இருக்கிறது என்று சொன்னது. அந்த விளக்கு வீட்டுக்கு வந்து ஏழு மாதமாகியிருந்தது. மிருதுளா அதை வெறுத்தாள்.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் சஞ்சித்தை அவள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள். வலிப்பு வரும் என்று தெரிந்தேதான் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தில் அவன் விழுந்த அன்று, கூட்டம் அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தது. அவள்தான் அத்தனை பேரையும் விலக்கி, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் கைப்பையை வைத்து, மணி பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காற்றாலை நிறுவனத்தில் கோபுரம் ஏறும் வேலையிலிருந்து அவனை இறக்கிக் கட்டுப்பாட்டு அறையில் உட்காரவைத்தபோது, மேலாளரிடம் போய்ப் பேசி அந்த நாற்காலியையாவது வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

ஆனால் மாத்திரை விஷயத்தில் அவன் அவளைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தான். பழைய மாத்திரைகள் தலையைப் பஞ்சுபோல ஆக்குகின்றன, பேர்கள் மறந்துபோகின்றன என்பான். பத்து நாள் நன்றாக இருந்தால் தானாகவே நிறுத்திவிடுவான். சட்டைப் பையில், சோபா இடுக்கில், ஒருமுறை துளசிச் செடியின் மண்ணில் மாத்திரைகளைக் கண்டெடுத்திருக்கிறாள். வாரத்துக்கொரு தடவை அட்டையை எண்ணுவாள். எண்ணிக்கை உதைக்கும். சண்டை வரும். மாதத்துக்கு ஒரு வலிப்பாவது வந்துவிடும்.

அப்போதுதான் கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் ஆஸ்பத்திரியில் புது மாத்திரையோடு 'இணை' என்ற பரிசோதனைத் திட்டம் தொடங்கினார்கள். டாக்டர் ஷாஹிதா கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"எல்லார் மூளையிலயும் ஒரு தாளம் ஓடுது. சில பேருக்கு, ரெண்டு பேரோட தாளமும் ஒரே மாதிரி ஓடுதோன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம். ஒருத்தருக்கு முதல்ல மாறும், இன்னொருத்தருக்கு நாலஞ்சு மணி நேரம் கழிச்சு மாறும். அப்படி ஒரு ஜோடி அமைஞ்சா, முதல் ஆளுக்கு மாறும்போதே ரெண்டாவது ஆள் உஷாராயிடலாம். அன்னிக்கு அடுப்புகிட்டப் போக வேண்டாம், உயரத்துல ஏற வேண்டாம், கதவைத் தாள் போட்டுட்டுக் குளிக்க வேண்டாம்."

காதுக்குப் பின்னால் நகமளவு பட்டை ஒன்று ஒட்டுவார்கள். அது மூளையைக் கவனிக்கும். மணிக்கட்டில் ஒரு வளையம். அதில் தெரிவது இணையின் நிலை. பச்சை என்றால் அமைதி, மஞ்சள் என்றால் மாற்றம், சாம்பல் நிறம் என்றால் தொடர்பு இல்லை.

"மஞ்சள் எரிஞ்சா மாத்திரையக் கூட்டிக்கணுங்களா?" என்று கேட்டாள் மிருதுளா.

"கூடவே கூடாது. எந்த விளக்கு எரிஞ்சாலும் அதே மாத்திரை, அதே அளவு. காலைல ஏழு, சாயங்காலம் ஏழு. தானாக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, நல்லா இருக்கேன்னு நிறுத்தக் கூடாது. ஒரு வேளை விட்டுப்போனா எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க. சேத்து வெச்சு ரெண்டாப் போட்டுறக் கூடாது. இருமல் மருந்தோ நாட்டு மருந்தோ, எதை எடுத்தாலும் எங்ககிட்டச் சொல்லிட்டுத்தான். அப்புறம் முக்கியமா, ஜோடியில ஒருத்தர் நேரம் தவறினா இன்னொருத்தருக்குப் போற எச்சரிக்கை பொய்யாயிடும். அதனால ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு மாத்திரை, ஒரே நேரத்துக்குத் தூக்கம். குடி கிடையாது."

"இது கல்யாணமாட்ட இல்லீங்க இருக்குது?" என்றாள் மிருதுளா. மூன்று பேரும் சிரித்தார்கள். முப்பது பக்கத் தாளில் அவனும் சாட்சியாக அவளும் கையெழுத்துப் போட்டார்கள்.

சஞ்சித்துக்கு அமைந்த இணை பெனிட்டா. தூத்துக்குடியில் அண்ணனுடைய பேக்கரியில் வேலை. முப்பத்தாறு வயது.

முதல் மாதம் மிருதுளா சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஏழு மணிக்கு அவன் தானாக எழுந்து மாத்திரை போட்டுக்கொண்டதைப் பார்த்துக் கண் கலங்கக்கூடச் செய்தாள். இரண்டாவது மாதம் அவளுடைய சித்தப்பா மகன் கல்யாணத்தில் பங்காளிகள் பியர் பாட்டிலை நீட்டியபோது சஞ்சித் கையெடுத்துக் கும்பிட்டான். "வேண்டாமுங்க. பெனிட்டாவுக்கு எச்சரிக்கை கெட்டுப்போயிரும்."

பக்கத்தில் நின்ற மிருதுளாவுக்குச் சுருக்கென்றது. இதே பியருக்காக எத்தனை கல்யாணங்களில் அவனோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள். அவளுக்காக ஒருநாளும் கீழே வைக்காத பாட்டிலை, முகம் பார்த்திராத ஒருத்திக்காகத் தொடாமலே திருப்பி அனுப்பினான்.

அதன்பின் எல்லாமே கண்ணில் படத் தொடங்கியது. பேக்கரிக்காரி சீக்கிரம் படுப்பாள் என்பதால் சஞ்சித் ஒன்பதரைக்குப் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து பார்க்கும் சினிமா பாதியில் நின்றது. உடுமலையில் மழை வருமா என்று ஒருநாளும் பார்க்காதவன் தூத்துக்குடி வானிலை பார்த்தான். ஏழு மணிக்கு "போட்டாச்சா?" என்று அவளிடமிருந்து குரல் செய்தி வரும். கொஞ்சம் கரகரப்பான குரல். "போட்டாச்சு, நீ?" என்று இவன் பதில் சொல்வான். அப்புறம் ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். அவள் அவனைச் "சஞ்சித்" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மிருதுளா இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு தடவை கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அப்படி என்னத்தைத்தான் பேசிச் சிரிக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சும்மா மிருது. நேத்து கேக்குல பேரை மாத்தி எழுதிப்போட்டாளாமா. உனக்குச் சொன்னாச் சிரிப்பு வராது."

"ஏன், எனக்குச் சிரிக்கத் தெரியாதுங்களா?"

"அதுக்கில்ல. மாத்திரை போட்டா தலை எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியும். பேர் மறந்து முழிக்கறது என்னன்னு தெரியும். உனக்கு எப்படிச் சொல்றது?"

மிருதுளா திசு வளர்ப்பு வாழைக் கன்று தயாரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறைக் கைகளை நுழைத்து, நூலளவு குருத்துகளைப் பாட்டில் பாட்டிலாக மாற்றி வைக்கும் வேலை. தூசி படாமல் செய்ய வேண்டும். அன்று இரண்டு தட்டுகளைக் கெடுத்தாள். அவள் கை அப்படித் தவறியதே இல்லை. மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம், விழிக்கும் நேரம் எல்லாம் இன்னொருத்தியோடு சேர்ந்து நடக்கின்றன. தான் செய்வது சமையலும் துணி மடிப்பதும்தான். அவனுக்கு ஏழு மாதமாக வலிப்பே இல்லை. அதற்காகவும் நன்றி சொல்ல முடியவில்லை. அதுதான் அவளை அதிகமாக வதைத்தது.

கல்யாண நாள் வந்தது. வால்பாறைக்கு மேலே காட்டுக்குள் ஒரு விடுதி இருந்தது. அங்கே எந்த அலைவரிசையும் எட்டாது என்பதைச் சொல்லியே கூடுதலாக வாடகை வாங்குவார்கள். மிருதுளா அதைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்தாள்.

"அங்க வளையம் வேலை செய்யாதே," என்றான் சஞ்சித். "ஒரு நாளைக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும். அவங்க பெனிட்டாவுக்கு மாத்து ஆள் போடுவாங்க."

"நீங்க வேலைக்குப் போங்க. நான் சொல்லிடறேனுங்க. சாட்சி நம்பர்ல எனக்கும் அனுமதி இருக்குதில்ல?"

"அவகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிரு."

"சரிங்க."

வெள்ளிக்கிழமை முழுவதும் போன் அவள் கையில் இருந்தது. ஆஸ்பத்திரியின் பக்கத்தைத் திறந்தாள். 'இணைக்குத் தகவல்' என்ற கட்டத்தைப் பார்த்தாள். ஒரு நாள். ஒரே ஒரு நாள் அந்தப் பொம்பளையும் தவிக்கட்டுமே என்று தோன்றியது. பக்கத்தை மூடிவிட்டாள்.

சனிக்கிழமை மதியம், விடுதிக்குப் போகும் பாதையின் ஏதோ ஒரு வளைவில் பச்சை விளக்கு அணைந்து சாம்பல் நிறமானது. சஞ்சித் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சொல்லிட்டயல்ல?"

"சொல்லிட்டேனுங்க."

அந்த ஒரு நாள் அவளுடையதாக இருந்தது. தேயிலைச் சரிவில் நடந்தார்கள். அட்டை கடித்த காலைக் காட்டி அவன் கத்தினான், அவள் உப்பைத் தேய்த்து எடுத்தாள். சாயங்காலம் ஏழு மணிக்கு அவளே தண்ணீரும் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் விழுங்கினான். "போட்டாச்சா?" என்று அவள் கேட்டாள். "பாத்துட்டுத்தானே இருக்கற?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு போதும் என்றிருந்தது. சாம்பல் விளக்கு அவளுக்கு அன்று அவ்வளவு அழகாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது ஆழியாறு சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் போன் உயிர் பெற்றது. முப்பத்தொரு செய்திகள். சஞ்சித் ஒவ்வொன்றாகக் கேட்டான். முதலில் பெனிட்டாவின் குரல். "போட்டாச்சா? நீ போட்டதும் நானும் போட்டுக்கிடுதேன்." அடுத்து, "சாம்பலாவே இருக்கு. என்ன ஆச்சு?" அப்புறம், "சஞ்சித், விழுந்துட்டியா? யாராவது எடுங்களேன்." கடைசிச் செய்தி அவள் அண்ணன் ரொசாரியோவுடையது. "தங்கச்சிக்குக் காலைல பேக்கரில ஃபிட்ஸ் வந்துட்டு. சூட்டுத் தட்டு மேல விழுந்துட்டா. கையில நல்ல காயம். ஆஸ்பத்திரில இருக்கோம்."

வாடகைக் காரின் பின் இருக்கையில் சஞ்சித் அவள் பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லிட்டேன்னு சொன்னயே?"

"சொன்னேனுங்க," என்றாள் மிருதுளா. "போகலையாட்ட இருக்குது."

சஞ்சித் தலையைக் கைகளில் பிடித்துக்கொண்டான். "நானே சொல்லியிருக்கணும். எம்மேலதான் தப்பு." ஊர் வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அவளைத் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். சஞ்சித்துக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் ஷாஹிதா மிருதுளாவை மட்டும் உள்ளே அழைத்தார்.

"வெள்ளிக்கிழமை மூணு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கீங்க. மூணு தடவையும் அனுப்பாம மூடியிருக்கீங்க."

மிருதுளாவுக்குப் பொய் தீர்ந்துபோயிருந்தது. "ஆமாங்க டாக்டர்," என்றாள். "பொறாமைங்க. வேற ஒண்ணுமில்ல." சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. "அவங்க ரெண்டு பேர் மூளையும் ஒண்ணுன்னு சொல்லிப்போட்டீங்க. நான் அதுக்கு மேல எங்கீங்க போறது?"

டாக்டர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். ரொம்ப நேரம் யோசித்தவர் போல மேசையிலிருந்த கவர் ஒன்றை நகர்த்தினார்.

"பரிசோதனை இந்த வாரத்தோட முடியுது. வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் இந்தக் கடிதம் வரும். மூணு நாள் முன்னாடி உங்ககிட்டச் சொல்றதுல தப்பில்லன்னு நினைக்கறேன். நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல ஒன்பதாம் பக்கம் படிச்சீங்களா?"

"இல்லீங்க."

"யாரும் படிக்கறதில்ல. பாதி ஜோடிகளைத்தான் தாளம் பாத்துச் சேத்தோம். மீதிப் பாதி குலுக்கல். கம்ப்யூட்டர் ரெண்டு பேரை எடுத்துச் சேத்து வெச்சது. யாரு எந்தப் பாதின்னு எனக்கே போன வாரம்தான் தெரிஞ்சது. உங்க வீட்டுக்காரரும் பெனிட்டாவும் குலுக்கல் ஜோடி."

மிருதுளாவுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. "அப்ப அவங்க தாளம் இவருக்குச் சம்பந்தமே இல்லீங்களா?"

"இல்ல. பட்டை பொய் சொல்லல. பெனிட்டாவுக்கு மாறினா மஞ்சள் எரியும், அது நிஜம். அது உங்க வீட்டுக்காரருக்கு வரப்போறதைச் சொல்லுதாங்கறதுதான் எங்க கேள்வி. சொல்லலன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. தாளம் பாத்துச் சேத்தவங்களுக்கும் அது சரியாச் சொல்லல. ஆனா ரெண்டு பாதியிலயும் வலிப்பு ஒரே அளவு குறைஞ்சிருக்கு."

"எதனாலீங்க?"

"மாத்திரையால. ஒரு வேளை விடாம, நேரம் மாறாம, தூக்கம் கெடாமப் போட்டதால. அன்னிக்கு அந்தம்மாவுக்கு வந்தது அது தவறினதாலதான். உங்க வீட்டுக்காரரோட விளக்கு பச்சையானதும் போடலாம்னு, அவங்க சாயங்கால மாத்திரையக் கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருக்காங்க. போடவே இல்ல. எங்களையும் கூப்பிடல. தூங்கவும் இல்ல. காலைல அப்படியே வேலைக்குப் போயிட்டாங்க."

"விடாம, நேரம் மாறாம..." மிருதுளாவின் குரல் உயர்ந்தது. "இதைத்தானுங்களே நான் பதினோரு வருஷமாச் சொன்னேன்!"

"சொன்னீங்க," என்றார் டாக்டர். "நீங்க போடச் சொன்னீங்க. அந்தம்மா இவர் போடலைன்னா தானும் போடல. அவருக்குக் காவல் நிறைய இருந்திருக்கு. அவரை நம்பி ஒரு ஆள் இருந்ததில்ல." கவரை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டார். "நான் அறிக்கைல 'தகவல் வரவில்லை'ன்னு மட்டும்தான் எழுதுவேன். அதுக்கு மேல சொல்றதும் சொல்லாததும் உங்க பாடு."

திரும்பும் பேருந்தில் கிணத்துக்கடவு தாண்டியதும் மிருதுளா சொல்லிவிட்டாள். கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. தன்னைப் பற்றி மட்டும் சொன்னாள். மூன்று தடவை திறந்து மூடியதை, ஆழியாறில் சொன்ன இரண்டாவது பொய்யை. சஞ்சித் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொள்ளாச்சி வந்த பிறகு சொன்னான். "எம்மேல கோவம்னா எங்கிட்டக் காட்டியிருக்கலாம்." கொஞ்சம் கழித்து, "அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். சொல்றதுன்னா நீதான் போய்ச் சொல்லணும்."

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. ஏழு மணி மாத்திரை மட்டும் தவறவில்லை. தூத்துக்குடி ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. முன்னைவிட மெலிந்த குரல்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. சஞ்சித் நின்றபடியே படித்தான். உட்கார்ந்து மறுபடி படித்தான். "குலுக்கலாமா மிருது," என்றான். மூன்று நாளில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. கடிதத்தின் கடைசியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. விருப்பமானால் இணையைத் தொடரலாம். இல்லையென்றால் பட்டையையும் வளையத்தையும் திருப்பி அனுப்பிவிட்டு மாத்திரையை மட்டும் தொடரலாம்.

மிருதுளாவின் மனதுக்குள் ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது. இனி என்ன இருக்கிறது? ரத்தமில்லை, உறவில்லை, தாளமும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் கைக்கு வந்த இரண்டு பேரைக் கட்டிவைத்திருக்கிறது.

சஞ்சித் போனை எடுத்தான். "பெனிட்டா, கடிதம் பாத்தயா?"

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. வலியோடு சிரிக்கும் சிரிப்பு. "எனக்கு மாறி உன் கையில மஞ்சள் எரிஞ்ச அன்னிக்கெல்லாம் உனக்கு மத்தியானம் தலை கனக்குன்னு சொன்னியே சஞ்சித்!"

"நெசமாவே கனத்துச்சு பெனிட்டா."

"சரி, என்ன செய்ய? அனுப்பிருவமா?"

"நீ என்ன சொல்ற?"

"நான் தொடருதேன்னுதான் டிக் போட்டுட்டேன். உன் இஷ்டம்."

சஞ்சித் பேனாவைத் தேடினான். மிருதுளா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் அவர்களை நோய் சேர்த்துவைத்திருக்கிறது என்று ஒரு சமாதானம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. அவன் அவள் கண் முன்னால் தேர்ந்தெடுத்தான். ஏழு மாதத்தில் அந்த நிமிஷத்தில்தான் அவளுடைய பொறாமை முழுசாக வளர்ந்து நின்றது. அப்படி நின்றபிறகு அதற்குப் போக இடமில்லை. மறுநாள் காலை அவள் தூத்துக்குடிக்குப் புறப்பட்டாள். தனியாக.

பேக்கரிக்கு மேலே இருந்தது வீடு. ரொசாரியோ கதவைத் திறந்து, "வாங்க வாங்க, சஞ்சித் வீட்டம்மாவா?" என்று உள்ளே கூட்டிப்போனான். முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த பெனிட்டா கட்டிலில் சாய்ந்திருந்தாள். முழங்கை வரை கட்டு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தாள். பெரிய கண்கள், சுருட்டை முடி. அவள் அழகாக இல்லாமலிருந்தால் நன்றாக இருக்கும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டுவந்த மிருதுளா, அதையும் விழுங்கிக்கொண்டாள்.

ரொசாரியோ கீழே இறங்கியதும் சொல்லத் தொடங்கினாள். கோர்வையாக வரவில்லை. காட்டு விடுதி, பியர் பாட்டில், கட்டம், சாம்பல் விளக்கு என்று முன்னும் பின்னுமாகச் சொன்னாள். பெனிட்டா கட்டுப்போட்ட கையையே பார்த்தபடி கேட்டாள்.

"அன்னிக்கு நான் ஒங்க வீட்டுக்காரர் செத்துட்டார்னே நினைச்சேன்," என்றாள் கடைசியில்.

"தெரியுமுங்க."

"தெரியாது ஒங்களுக்கு." குரல் தடித்தது. "தோல் எடுத்து ஒட்டணும்னு சொல்லுதாங்க. எரியும்போதெல்லாம் ஒங்கள நினைச்சுக்கிடுவேன். அதுக்கு மேல என்ன செய்ய? மாத்திரையக் கையில வச்சுக்கிட்டுப் போடாம இருந்தது நாந்தானே. அது ஒங்க தப்பு இல்ல."

மிருதுளா தலை குனிந்திருந்தாள். போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தாள்.

"எம்மேல பொறாமைப்பட்டீங்களா?" என்று கேட்டாள் பெனிட்டா. அந்தக் கேள்வியில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. "கல்யாணமான இருபதாவது நாள் வீட்டுக்காரர் முன்னால விழுந்தேன். நோயை மறைச்சுக் கட்டிவச்சுட்டாங்கன்னு அன்னைக்கே கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாரு. மறைச்சது எங்க வீட்டுலதான், அவரையும் சொல்ல முடியாது. பன்னெண்டு வருஷமாச்சு. என்னையப் பாத்துப் பரிதாபப்பட்டவங்க இருக்காங்க, பயந்தவங்க இருக்காங்க. பொறாமைப்பட்டது நீங்க ஒரு ஆள்தான்."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. அப்போது அவள் போன் அதிர்ந்தது. மணி ஏழு. "போட்டாச்சா?" என்றது சஞ்சித்தின் குரல். மிருதுளா தண்ணீர் டம்ளரை எடுத்து அவள் இடது கையில் கொடுத்தாள். பெனிட்டா விழுங்கிவிட்டு, "போட்டாச்சு, நீ?" என்று பதில் சொன்னாள். பிறகு, சாப்பிட்டீர்களா என்று கேட்பதுபோலவே மிருதுளாவைக் கேட்டாள்.

"ஒங்களுக்கு மாத்திரை ஏதும் உண்டா?"

"தைராய்டுக்கு ஒண்ணு. காலைல வெறும் வயித்துல."

"ஒழுங்காப் போடுதீங்களா?"

மிருதுளா காலி டம்ளரை வாங்கி வைத்தாள்.

"இன்னைக்கு?"

"பஸ்ஸுக்கு நேரமாயிப்போச்சுங்க."

"நேத்து?"

யோசித்துப் பார்த்தாள். நேற்றும் இல்லை. முந்தாநாளும் இல்லை. சஞ்சித்தின் அட்டையை வாரந்தோறும் எண்ணியவளுடைய சொந்த அட்டை, அலமாரியில் எந்தத் தட்டில் கிடக்கிறது என்றுகூட நினைவுக்கு வரவில்லை. எப்போதும் உடம்பு அசந்து கிடப்பதற்கு வேலைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கு," என்றாள் பெனிட்டா. "நம்பர் குடுத்துட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை மிருதுளா ஊர் திரும்பினாள். சொல்லிவிட்டாயா என்று சஞ்சித் கேட்டான். சொல்லிவிட்டேன் என்றாள். அவன் அவள் பையை வாங்கி உள்ளே வைத்தான். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் போன் ஒலித்தது. காபிக்குப் பால் வைக்கப் போனவள் திரும்பி வந்து எடுத்தாள். கரகரப்பான குரல் அறை முழுவதும் கேட்டது. "மிருதுளா, தைராய்டு மாத்திரை போட்டாச்சா? காபி குடிச்சிராதீங்க, அரை மணி நேரம் போகட்டும்."

முதலில் எரிச்சல்தான் வந்தது. இவள் யார் என்னைக் கேட்க என்று நினைத்தாள். அப்புறம் அலமாரியின் மேல்தட்டில் துழாவி அட்டையைக் கண்டுபிடித்து, காலாவதித் தேதி பார்த்து, ஒன்றைப் பிரித்தெடுத்துத் தண்ணீர் குடித்தாள். "போட்டாச்சுங்க," என்று பதில் அனுப்பினாள்.

சஞ்சித் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். "பெனிட்டா குரலாட்ட இருந்துச்சே?"

"ஆமாங்க."

"எனக்கு ஏழு மணிக்குத்தானே அனுப்புவா." தன் வளையத்தைப் பார்த்தான், அவள் போனைப் பார்த்தான். முகம் லேசாகச் சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கம் என்னவென்று மிருதுளாவுக்குத் தெரியும், வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. "உனக்கு எதுக்கு அனுப்பறா?"

"மாத்திரை போட்டாச்சான்னு கேக்கறாங்க."

"உனக்கென்ன மாத்திரை?"

"தைராய்டுக்குங்க. ஆறு வருஷமாச்சு."

வெளியே பால்காரர் மணியடித்துவிட்டுப் போனார்.

"எனக்கே தெரியாது," என்றான். "அவளுக்கு எப்படித் தெரியும்?"

மிருதுளா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அவங்க கேட்டாங்க," என்றாள்.